கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லையா? பார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

"தம்பி, மாமாவோட கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா கறுப்பா ஏதோ இங்கிலீஷ்ல வந்து நின்னுடுதுப்பா. கடைக்காரப் பையன் வந்து பார்த்துட்டு, பார்மட் போட்டா சரியாயிடும்ங்கறான். போடச் சொல்லிடவா?"

2024 நவம்பரில் ஒரு நாள் காலை, கும்பகோணத்திலிருந்து அத்தை போன் செய்து கேட்ட கேள்வி இது. எனக்குப் பகீரென்றது. "வேண்டாம் அத்தை. சுவிட்சை ஆப் பண்ணிட்டு பிளக்கைப் பிடுங்கிடுங்க. யாரையும் தொட விடாதீங்க. சனிக்கிழமை நான் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்தேன்.

பதற்றத்துக்குக் காரணம் உண்டு. மாமா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆண்டு மே மாதம்தான் காலமானார். 2009ல் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து, கையடக்க வாய்ஸ் ரெக்கார்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போய், வயதான பெண்கள் பாடும் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாடல்களைப் பதிவு செய்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டுக் கேட்டு டைப் செய்வார். புத்தகமாகப் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது நடக்கவில்லை. பாடல்கள், ஒலிப்பதிவுகள், குடும்பப் போட்டோக்கள் எல்லாமே அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. பேக்கப் என்று ஒன்று கிடையாது. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் இருக்கலாம். அது ஒரு நாள் கிளம்ப மறுக்கலாம். அப்போது நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்பதால் பைல்கள் போய்விட்டன என்று பொருளில்லை. அவை பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கும். சரி செய்கிறோம் என்று முதல் ஒரு மணி நேரத்தில் நாம் செய்யும் வேலைகள்தான் பல சமயம் அவற்றை அழிக்கின்றன. எனவே முதலில் நகல், பிறகுதான் ரிப்பேர். மாமாவின் கம்ப்யூட்டரில் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் செய்த தவறு

இந்தப் பாடத்தை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 2006ல் என் சொந்தக் கம்ப்யூட்டர் வைரஸ் தாக்கி பூட் ஆகாமல் நின்றது. கம்ப்யூட்டருடன் தந்திருந்த ரெகவரி சிடியைப் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் எஸ் கொடுத்து என்டர் தட்டினேன். அரை மணி நேரத்தில் விண்டோஸ் எக்ஸ்பி புத்தம் புதிதாக வந்துவிட்டது. சந்தோஷமாக ஆபீஸ் தொகுப்பு, ஆன்ட்டி வைரஸ், கேம்ஸ் என்று எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்தேன். அதன் பிறகுதான் டி டிரைவையே காணோம் என்பதைக் கவனித்தேன். என் மகளின் முதல் பிறந்த நாள் போட்டோக்கள் அதில்தான் இருந்தன. பிறகு எவ்வளவு முயன்றும் ஏழெட்டுப் படங்கள் மட்டுமே கிடைத்தன. அவற்றிலும் சில பாதி சாம்பல் நிறமாக இருந்தன.

பார்மட் செய்தால் என்ன ஆகும்?

ஒரு புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டால் உள்ளே உள்ள கதைகள் அழிந்துவிடுமா? குயிக் பார்மட் என்பது ஏறக்குறைய அதுதான். எந்த பைல் எந்த இடத்தில் உள்ளது என்ற அட்டவணை புதிதாக, காலியாக எழுதப்படும். பைல்களின் உள்ளடக்கம் அந்தந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அந்த இடங்கள் எல்லாம் காலி என்று விண்டோஸ் எண்ணிக்கொள்வதால், அடுத்து எதை எழுதினாலும் பழைய பைல் மீதே எழுதும். 2006ல் என் போட்டோக்களைக் கொன்றது பார்மட்டை விட, அதன் பிறகு நான் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் முழு பார்மட் கூட டிஸ்க்கில் கெட்ட பகுதிகள் உள்ளனவா என்று படித்துப் பார்த்ததே தவிர, தகவலை அழிக்கவில்லை. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இது மாறிவிட்டது. முழு பார்மட் கொடுத்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்கள் எழுதப்படும். அப்புறம் எந்த சாப்ட்வேராலும் மீட்க முடியாது.

திரையில் வரும் செய்தியைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனிப் பிரச்னைகள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று முதலில் முடிவு செய்யவும்.

1. சிபியுவில் லைட், பேன் எதுவுமே இயங்கவில்லை. அல்லது பேன் சுற்றுகிறது, பீப் ஒலி கேட்கிறது, திரையில் ஒன்றும் இல்லை. இது பெரும்பாலும் பவர் சப்ளை, ராம், மதர் போர்டு சார்ந்த பிரச்னை. ஹார்ட் டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் பைல்கள் அப்படியே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

2. திரை வருகிறது, ஆனால் "டிஸ்க் பூட் பெயிலியர்" அல்லது "நோ பூட்டபிள் டிவைஸ்" என்ற செய்தி வருகிறது. பயாஸ் செட்டப்பினுள் சென்று டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கவும். தெரியவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது டிஸ்க்கே செயலிழந்திருக்கலாம். யு.எஸ்.பி.யில் ஏதாவது பென் டிரைவ் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டும் ஒரு முறை பார்க்கவும். பாதிப் பேருக்கு இதிலேயே சிரிப்பு வந்துவிடும்.

3. பயாஸ் டிஸ்க்கைக் காட்டுகிறது. விண்டோஸ் மட்டும் வரவில்லை. நீலத்திரை வருகிறது, அல்லது லோகோ வந்து மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. இங்கே டிஸ்க் சுழல்கிறது, படிக்கவும் முடிகிறது. விண்டோஸ் சிஸ்டம் பைல் ஒன்று கெட்டிருக்கலாம். டிஸ்க்கில் சில பகுதிகள் கெட ஆரம்பித்திருக்கலாம்.

கும்பகோணத்தில் பார்த்தது

சனிக்கிழமை திருச்சியிலிருந்து கிளம்பிப் போனேன். மாமாவின் மேஜை அப்படியே இருந்தது. சிபியு மீது அத்தை ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஆன் செய்தேன். பேன் சுற்றியது. தேதியும் நேரமும் தவறாக இருக்கின்றன என்று ஒரு செய்தி. எப்1 அழுத்தியதும் கறுப்புத் திரையில் "என்டிஎல்டிஆர் ஈஸ் மிஸ்ஸிங்" என்று வந்து நின்றது.

இரண்டு செய்திகளும் பயனுள்ளவை. தேதி தவறினால் மதர் போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சிஆர் 2032 என்று கேட்டால் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். பேட்டரி தீர்ந்தால் பயாஸில் நாம் வைத்திருந்த செட்டிங்குகள் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். பூட் ஆகும் வரிசை மாறலாம். சாட்டா மோட் மாறலாம். எக்ஸ்பி உள்ள கம்ப்யூட்டரில் சாட்டா மோட் மாறினாலே நீலத்திரை வந்துவிடும். பேட்டரியை மாற்றி, வரிசையைச் சரி செய்து பார்த்தேன். தேதி செய்தி போயிற்று. இரண்டாவது செய்தி போகவில்லை.

என்டிஎல்டிஆர் என்பது எக்ஸ்பியைக் கிளப்பிவிடும் சிறிய பைல். சி டிரைவின் முதல் நிலையிலேயே இருக்கும். அது கிடைக்கவில்லை என்று சொல்வதே டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதப்பட்டுள்ள சிறு புரோகிராம்தான். அதாவது டிஸ்க் சுழல்கிறது, முதல் செக்டார் படிக்கப்படுகிறது. மூன்றாவது வகைப் பிரச்னை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

காதைச் சிபியு அருகே வைத்துக் கேட்டேன். சீரான ஓசை. கடிகாரம் போல டிக், டிக் என்று தட்டும் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். காரணம் பின்னால் சொல்கிறேன்.

"என்னப்பா, பொழைக்குமா?" என்றார் அத்தை, டாக்டரிடம் கேட்பது போல.

"பார்க்கலாம் அத்தை. பாட்டெல்லாம் உள்ளதான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றேன்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைப்பது

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சிபியுவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே எதையும் தொடும் முன் கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட வேண்டும். உடலில் உள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் நான்கு ஸ்குரூக்களில் நிற்கும். பின்புறம் இரண்டு கேபிள்கள். 2009 கம்ப்யூட்டர் என்பதால் சாட்டா வகை. டேட்டாவுக்கு மெல்லிய கேபிள், பவருக்குக் கொஞ்சம் அகலமானது. இதற்கும் பழைய கம்ப்யூட்டர் என்றால் 40 பின் கொண்ட பட்டையான ஐடிஇ கேபிள் இருக்கும்.

இப்படிக் கழற்றிய டிஸ்க்கை லேப்டாப்பில் இணைக்க யு.எஸ்.பி. - சாட்டா அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். லேப்டாப்பில் இருக்கும் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும்; யு.எஸ்.பி.யே கொடுத்துவிடும். டெஸ்க்டாப்பில் உள்ள 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். எனவே தனி பவர் அடாப்டருடன் வரும் மாடலை வாங்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்க் சுழலவே சுழலாது. டிஸ்க் போய்விட்டது என்று நாம் தவறாக நினைத்துக்கொள்வோம்.

அடுத்து, விண்டோஸ் லேப்டாப்பில் நேரடியாக இணைக்கலாமா? நல்ல நிலையில் உள்ள டிஸ்க் என்றால் இணைக்கலாம். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் பார்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் தவறாமல் கேன்சல் கிளிக் செய்திடவும். ஸ்கேன் செய்து சரி செய்யவா என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லவும். செக்டிஸ்க் புரோகிராம் தன் வேலையை டிஸ்க்கில் எழுதியே செய்யும். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அதை ஓட்டினால், பெயரோடு இருந்த பைல்கள் பெயரில்லாத துண்டுகளாக மாறிவிடும் ஆபத்து உண்டு.

எனவே நான் லினக்ஸ் பென் டிரைவைப் பயன்படுத்தினேன். உபுண்டு தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஐஎஸ்ஓ பைலை டவுன்லோட் செய்து, ரூபஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் 16 ஜிபி பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் காலி டிரைவாக எடுக்கவும். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எப்12 அல்லது எஸ்கேப் கீயை அழுத்தி, யு.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுக்கவும். "டிரை உபுண்டு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் எதையும் இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும். விண்டோஸ் டிரைவ்களை அது படிக்கும். யூசர் போல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்ற தொல்லையும் இதில் இல்லை. சொல்லப் போனால், கழற்றும் வேலையே இல்லாமல், கிளம்பாத கம்ப்யூட்டரிலேயே இந்தப் பென் டிரைவைச் செருகியும் பைல்களை எடுக்கலாம். மாமாவின் கம்ப்யூட்டரில் ராம் 1 ஜிபிதான். இன்றைய உபுண்டு அதில் ஓடாது. அதனால்தான் கழற்றினேன்.

காப்பி நடுவில் நின்றது

லேப்டாப்பில் இணைத்ததும் சி, டி இரண்டு டிரைவ்களும் தெரிந்தன. டி டிரைவில் "பாட்டு" என்ற போல்டர். அத்தை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போல்டரை அப்படியே இழுத்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். இருபது பைல்கள் வேகமாக வந்தன. பிறகு காப்பி நின்றது. ஒரே பைலில் இரண்டு நிமிடம். டிஸ்க்கிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். மறுபடி மறுபடி அதே சத்தம்.

இங்கேதான் எல்லோரும் தவறு செய்வோம். திரும்பத் திரும்ப முயன்று பார்ப்போம். அந்தச் சத்தம் என்னவென்றால், டிஸ்க் ஒரு செக்டாரைப் படிக்க முடியாமல் பல முறை முயன்று கொண்டிருக்கிறது. டிஸ்க் நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கிறது. அதன் மேல் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் மிதந்து செல்கிறது. அந்த இடைவெளி தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. தளர்ந்து போன டிஸ்க்கை ஒரே கெட்ட இடத்தில் முட்ட வைத்துக்கொண்டே இருந்தால், நல்ல நிலையில் உள்ள மற்றப் பகுதிகளைப் படிக்கும் முன்பே டிஸ்க் ஓய்ந்துவிடும்.

நான் காப்பியை கேன்சல் செய்து, டிஸ்க்கை ஆப் செய்தேன். "அத்தை, இங்க வச்சு முடியாது. ஊருக்கு எடுத்துட்டுப் போய் ராத்திரி பூரா ஓட விடணும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் மாமாவின் பருத்தித் துண்டு ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். டிஸ்க்கை அதில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

முழு டிஸ்க்கையும் நகல் எடுப்பது

திருச்சியில் என் டெஸ்க்டாப்பின் சாட்டா கேபிளில் டிஸ்க்கை நேரடியாக இணைத்தேன். முதலில் அதன் ஸ்மார்ட் தகவல்களைப் பார்த்தேன். எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச புரோகிராமில் இதைப் பார்க்கலாம். இரண்டு வரிகள் முக்கியம். "ரீஅலகேட்டட் செக்டார்ஸ்" என்பது கெட்டுப் போனதால் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்கள். "கரண்ட் பெண்டிங் செக்டார்" என்பது படிக்க முடியாமல் தவிக்கும் செக்டார்கள். இரண்டும் பூஜ்யமாக இருப்பது நல்லது. மாமாவின் டிஸ்க்கில் இரண்டாவது எண்ணிக்கை நூறுகளில் இருந்தது.

இப்படிப்பட்ட டிஸ்க்கில் பைல் பைலாக எடுக்கக் கூடாது. முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் பைலாக எடுத்துவிட்டு, அதன் பிறகு டிஸ்க்கைத் தொடவே கூடாது. இதற்கென்றே உள்ளது ஜிஎன்யு டிடிரெஸ்கியூ என்ற இலவச புரோகிராம். சிஸ்டம் ரெஸ்கியூ என்ற லினக்ஸ் பென் டிரைவ் தொகுப்பில் இது சேர்ந்தே வருகிறது. இது புத்திசாலித்தனமாக வேலை செய்யும். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிவதை எல்லாம் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடம் வந்தால் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போகும். எதைத் தாண்டியது என்பதை மேப் பைல் ஒன்றில் குறித்துக்கொள்ளும். அடுத்தடுத்த சுற்றுகளில் விட்ட இடங்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் மேப் பைல் இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதில் மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, கட்டளையில் எடுக்கும் டிஸ்க்கின் பெயர் முதலிலும், எழுத வேண்டிய இமேஜ் பைல் அடுத்தும், மேப் பைல் கடைசியிலும் வர வேண்டும். வரிசை மாறினால் மீட்க வந்த டிஸ்க்கின் மேலேயே எழுதிவிடும் ஆபத்து உண்டு. எந்த டிஸ்க் எது என்பதை அளவை வைத்து உறுதி செய்துகொள்ளவும். 160 ஜிபி என்று விற்ற டிஸ்க் சில இடங்களில் 149 ஜிபி என்று தெரியும். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். கணக்கிடும் முறைதான் வேறு.

இரண்டாவது, இமேஜைச் சேமிக்கும் டிரைவ் அசல் டிஸ்க்கை விடப் பெரியதாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த டிரைவ் பேட்32 பார்மட்டில் இருக்கக் கூடாது. அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎப்எஸ் பார்மட்டில் இருக்கட்டும்.

இரவு ஒன்பது மணிக்கு ஓட விட்டேன். ஒரு மணி நேரத்தில் 98 சதவீதம் வந்துவிட்டது. மீதி இரண்டு சதவீதத்திற்கு மறுநாள் மதியம் வரை ஆனது. கடைசியில் படிக்க முடியாமல் நின்றது 41 எம்பி மட்டுமே.

என்ன கிடைத்தது?

அசல் டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி துண்டில் சுற்றி அலமாரியில் வைத்தேன். இனி எல்லா வேலையும் இமேஜில்தான். உபுண்டுவின் டிஸ்க்ஸ் புரோகிராமில் "அட்டாச் டிஸ்க் இமேஜ்" கொடுத்தால், இமேஜ் பைல் ஒரு உண்மையான டிஸ்க் போலத் திறக்கும். அதுவும் எழுத முடியாதபடி, படிக்க மட்டும்.

"பாட்டு" போல்டரில் 183 வேர்ட் பைல்கள். 179 நேராகத் திறந்தன. நான்கு திறக்கவில்லை. அந்த நான்கில் இரண்டை லிப்ரே ஆபீஸ் திறந்து கொடுத்தது. வேர்ட் கைவிட்ட பைலை அதில் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒலிப்பதிவுகள் 64ல் 61 முழுதாக இருந்தன. இரண்டு நடுவில் ஓரிடத்தில் துள்ளின. ஒன்று பாடவே இல்லை. எம்பி3 பைலில் நடுவில் ஒரு துண்டு போனாலும் மற்றது கேட்கும். வேர்ட் பைலில் முக்கியமான இடத்தில் ஒரு செக்டார் போனால் முழு பைலும் மக்கர் செய்யும்.

போல்டர்களே தெரியாமல் போயிருந்தால் என்ன செய்வது? அதற்கு டெஸ்ட் டிஸ்க், போட்டோரெக் என்ற இரண்டு இலவச புரோகிராம்கள் உள்ளன. முதலாவது, அழிந்த பார்ட்டிஷன் அட்டவணையைத் தேடிக் கண்டுபிடிக்கும். இரண்டாவது, அட்டவணையைப் பார்க்காமலே டிஸ்க் முழுவதையும் துழாவும். ஒவ்வொரு வகை பைலும் குறிப்பிட்ட சில பைட்களுடன்தான் தொடங்கும். அந்த அடையாளத்தை வைத்து இது படம், இது வேர்ட் பைல் என்று பொறுக்கி எடுத்துவிடும். ஆனால் பைலின் பெயரும் போல்டரும் கிடைக்காது. ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பிரிக்கும் பொறுமை வேண்டும்.

பைல் வந்தது, தமிழ் வரவில்லை

முதல் வேர்ட் பைலைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, தலையும் வாலும் புரியாத வரிகள். ஒரு நிமிடம் எல்லாமே கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் எழுத்துருவின் பெயரைப் பார்த்தேன். பாமினி.

தமிழில் பழைய பைல்களை மீட்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யூனிகோட் பரவும் முன் பல தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வைத்திருந்தன. தமிழக அரசு 1999ல் டாம், டாப் குறியீடுகளையும், 2010ல் யூனிகோடையும் ஏற்றது. ஆனால் வீடுகளிலும் டிடிபி சென்டர்களிலும் பாமினி போன்றவை தொடர்ந்து புழங்கின. எழுத்துரு இல்லையென்றால் பைல் இருந்தும் பயனில்லை. எனவே மை டாகுமெண்ட்ஸை மட்டும் காப்பி செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். சி டிரைவில் விண்டோஸ் போல்டரின் உள்ளே இருக்கும் பாண்ட்ஸ் போல்டரையும் முழுதாக எடுத்துக்கொள்ளவும். இமேஜிலிருந்து அதை எடுத்து பாமினியை இன்ஸ்டால் செய்தேன். திரையில் மாமாவின் தாலாட்டுகள் வந்தன. இப்போது ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன். மாற்றித் தரும் இலவச புரோகிராம்கள் பல உள்ளன.

எப்போது கை வைக்கக் கூடாது?

டிஸ்க்கில் டிக், டிக் என்று தட்டும் சத்தம் கேட்டால், டிஸ்க் கீழே விழுந்திருந்தால், தண்ணீர் புகுந்திருந்தால், கேபிளை மாற்றியும் பயாஸில் பெயர் தெரியாவிட்டால், அங்கேயே நிறுத்திவிடவும். ஹெட் பழுதாகியிருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டைக் கீறலாம். கீறிய இடத்தில் இருந்த தகவலை யாராலும் திருப்பித் தர முடியாது. தூசியற்ற அறை வைத்திருக்கும் டேட்டா ரெகவரி நிறுவனங்களிடம்தான் கொடுக்க வேண்டும். செலவு அதிகம். பைல்கள் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, தகவல்களின் ரகசியம் காக்கப்படுமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

டிஸ்க்கைத் திறந்து பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, ப்ரீசரில் வைப்பது எல்லாம் வேண்டாம். ப்ரீசரிலிருந்து எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். அதே மாடல் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டை மாற்றிப் போடும் வித்தையும் பழைய காலத்தோடு போயிற்று. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய தனி அளவீடுகள் அந்தந்த போர்டில் உள்ள சிப்பில் எழுதப்பட்டிருப்பதால், போர்டை மாற்றினால் மட்டும் போதாது.

புதிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

உங்கள் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி என்றால் இரண்டு விஷயங்கள். ஒன்று, எஸ்எஸ்டியில் டிரிம் என்ற வசதி இருப்பதால், அழித்த பைலின் இடம் சிறிது நேரத்திலேயே உண்மையாகத் துடைக்கப்பட்டுவிடும். பார்மட் செய்த பின் மீட்கலாம் என்ற நம்பிக்கை வேண்டாம்.

இரண்டு, விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்ததுமே டிரைவ் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. இதற்குப் பெயர் பிட்லாக்கர். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லாமல் லினக்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்றே உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து, அந்த எண்ணைத் தேடி, ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்கவும்.

சுருக்கமாக

கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? ஆப் செய்யவும். வந்த செய்தியை மொபைலில் போட்டோ எடுக்கவும். பார்மட், ரீஇன்ஸ்டால், ரீசெட், செக்டிஸ்க் எதையும் இப்போது தொட வேண்டாம். டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் பைல்களைக் காப்பி செய்யவும், திணறினால் இமேஜ் எடுக்கவும், தட்டினால் நிறுத்தவும். மெக்கானிக்கை அழைத்தாலும் "முதலில் டேட்டாவை எடுத்துக் கொடுங்கள், பிறகு பார்மட் செய்யுங்கள்" என்று சொல்லவும்.

டிசம்பரில் கும்பகோணம் போய், மாமாவின் பாட்டுகளை ஒரு பென் டிரைவில் அத்தையிடம் கொடுத்தேன். இன்னொரு நகல் என்னிடம், மூன்றாவது பெங்களூரில் உள்ள அவர் மகளிடம். திறக்காமல் போன இரண்டு பைல்களில் ஒன்றுக்கு ஒலிப்பதிவு இருக்கிறது. கேட்டு மறுபடி டைப் செய்துவிட்டேன். மற்றொன்று, எந்தப் பாட்டை எந்த ஊரில் யார் பாடினார்கள் என்று மாமா போட்டு வைத்திருந்த பட்டியல். அது போனது போனதுதான். ஒவ்வொரு பதிவாகப் போட, குரலைக் கேட்டு அத்தை பெயர் சொல்கிறார். "இது திருப்புறம்பியத்துக்காரம்மா", "இது யாருன்னு தெரியலையேப்பா". இதுவரை பாதிப் பெயர்கள் கூட வரவில்லை. ஒரே ஒரு நகல் இருந்திருந்தால் அந்தப் பெயர்களும் இருந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, நகல் எடுத்து வையுங்கள்.